சந்தை மாறிய ஊரில் ஒரு முன்ஷி

சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்கென்று கட்டப்பட்ட பழைய குடியிருப்பு ஒன்றில் முன்ஷி அப்துல்லா அவென்யூ என்றொரு தெரு இருக்கிறது. மலாக்காவுக்குப் போனால் ஊரின் முக்கியமான சாலை ஒன்றுக்கே ஜாலான் முன்ஷி அப்துல்லா என்று பெயர். பள்ளியில் மலாய் படித்த நம் பிள்ளைகளுக்கு அவர் நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை. அவருடைய பாட்டனார் நாகூரில் பிறந்தவர் என்பதோ, பாட்டியார் ஒரு லெப்பையின் மகள் என்பதோ, அவரே இரண்டரை ஆண்டுகள் தமிழ் படித்தவர் என்பதோ நம்மில் பலருக்குத் தெரியாது.

பொன்விழா மலருக்கு யாருடைய வாழ்க்கையை எழுதலாம் என்று பேசியபோது பெரிய வணிகர்கள், வள்ளல்கள், மார்க்க அறிஞர்கள் எனப் பல பெயர்கள் வந்தன. நாம் முன்ஷி அப்துல்லாவைத் தேர்ந்ததற்குக் காரணம் நம் சங்கத்தின் கல்வி உதவிக் குழுவில் உட்கார்ந்தவர்களுக்கு உடனே விளங்கும். 1985, 1997, 2008, 2020 என்று பொருளாதாரம் சரிந்த ஒவ்வொரு முறையும் பெற்றோர் நம் முன்னால் வந்து கேட்டது ஒரே கேள்விதான்: எதைப் படித்தால் பிள்ளைக்கு வேலை கிடைக்கும்? கூடவே, எதை நிறுத்தினால் செலவு குறையும் என்ற கேள்வியும் வரும். அதற்கு விடையாக வார இறுதித் தமிழ் வகுப்பு முதலில் நிற்கும். அடுத்து மேற்படிப்பு தள்ளிப்போகும். சில வீடுகளில் மூத்த பிள்ளை கடைக்கோ விநியோக வேலைக்கோ போய்விடும். இளையது மட்டும் படிக்கும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் மலாக்காவிலும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். அந்தக் கணக்குகளுக்கு நடுவே வளர்ந்த ஒரு பிள்ளையின் கதை இது.

குடும்பத்தின் வேர் யமனில் தொடங்குகிறது. அங்கிருந்து வந்த ஷெய்கு அப்துல் காதிர் என்ற அரபியர் நாகூரில் மணம் முடித்து அங்கேயே குடியானார். மார்க்கக் கல்வி கற்பித்தவர். அவர் மறைந்த பின் பிள்ளைகள் கடல் கடந்தார்கள். அவர்களில் முஹம்மது இப்ராஹீம் மலாக்காவில் இறங்கி, ஷெய்கு மீரா லெப்பை என்பவரின் மகள் பெரியாச்சியை மணந்தார். இந்தப் பெயர்களைப் படிக்கும்போது நம் சொந்த வீட்டுத் திருமணப் பத்திரிகையைப் படிப்பதுபோல் இருக்கும். அவர்களுக்குப் பிறந்தவர் அப்துல் காதிர். அவருடைய மகன்தான் நம் அப்துல்லா.

தகப்பனார் அப்துல் காதிர் ஒரே தொழிலில் நிலைத்தவரல்லர். மலாக்காவின் உட்பகுதிகளுக்குச் சரக்கு கொண்டுபோய் விற்றார். அங்கேயே குர்ஆன் ஓதவும் கற்றுக்கொடுத்தார். வேறொரு காலத்தில் மலாய்மொழி ஆய்வாளர் மார்ஸ்டனுக்கு மலாய் கற்பித்தார். டச்சு அரசுக்காக மலாய்க் கையெழுத்துப் பிரதிகளைத் தேடி ரியாவ், லிங்கா பக்கமெல்லாம் போனார். மனு எழுதிக்கொடுத்தும் சம்பாதித்தார். ஆட்சி மாறும்போதும் வியாபாரம் படுக்கும்போதும் இவர் கையிலிருந்த எழுத்து மட்டும் எப்படியோ சோறு போட்டது. மகனை வளர்த்த விதத்தில் அந்த அனுபவம் நன்றாகத் தெரிகிறது.

அப்துல்லா 1796-ஆம் ஆண்டு மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தார். தாயார் பெயர் செலாமா. முன்னால் பிறந்த நான்கு ஆண்பிள்ளைகளும் சிறுவயதிலேயே இறந்துபோனதால், இந்தப் பிள்ளையை வீடே கையில் வைத்துத் தாங்கியது. அவரும் நோஞ்சானாகத்தான் இருந்தார்.

பிள்ளை கண்விழித்த மலாக்கா ஏற்கெனவே இறங்குமுகத்தில் இருந்த ஊர். ஒரு காலத்தில் குஜராத்தியரும் சூலியாக்களும் சீனரும் ஜாவாக்காரரும் கூடிய துறைமுகம் அது. 1786-இல் ஆங்கிலேயர் பினாங்கைத் திறந்தபோது கப்பல்கள் அங்கே திரும்பத் தொடங்கின. 1795-இல் மலாக்காவே டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. வந்தவர்களுக்கோ அந்த ஊரை வளர்க்கும் எண்ணமில்லை. பினாங்குக்குப் போட்டியாக இருக்கக்கூடாது, பின்னாளில் டச்சுக்காரருக்குத் திருப்பிக் கொடுத்தாலும் பயன்படக்கூடாது என்று, 1807-இல் போர்த்துக்கீசியர் கட்டிய பெரிய கோட்டையை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். மக்களையே பினாங்குக்குக் குடிபெயர்க்கலாம் என்றுகூட ஒரு யோசனை இருந்தது. பதினொரு வயதுப் பையனாக அப்துல்லா கோட்டை வெடித்துச் சிதறியதைப் பார்த்தார். ஊரின் அழகே போய்விட்டது என்று பல ஆண்டுகள் கழித்தும் வருந்தி எழுதினார். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் அந்த ஒற்றை வாசல்தான் மிச்சம்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுப்பது?

முதலில் ஓதல். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. பாட்டியார் பெரியாச்சி கம்போங் பாலியில் பெரிய ஓதல் பள்ளி நடத்தியவர். ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ இருநூறு பிள்ளைகள் அவரிடம் ஓதினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் ஒரு லெப்பை வீட்டுப் பெண்மணி இருநூறு பிள்ளைகளுக்குத் தலைமை ஆசிரியையாக இருந்திருக்கிறார். பெண்கல்வி பற்றி நம் மேடைகளில் பேசுபவர்கள் இந்த அம்மையாரை ஏன் நினைப்பதில்லை என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

அடுத்து தமிழ். இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அப்துல்லாவைத் தமிழாசிரியர் ஒருவரிடம் அனுப்பினார்கள். இரண்டரை ஆண்டுகள் படித்தார். தாய்மொழிப் பற்று என்று நாம் இன்று சொல்கிறோமே, அதற்காக அனுப்பவில்லை. மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் எல்லாருமே தமிழ் படிப்பது முன்னோர் காலத்து வழக்கமாக இருந்தது. கணக்கு எழுதவும், கொடுக்கல் வாங்கல் பேசவும் தமிழ் வேண்டியிருந்தது. ஊரில் தமிழ் வணிகர் நிறைந்திருந்தார்கள். வியாபாரத்தில் பணக்காரரானவர்கள் பலர் அவர்களே. பணம் எந்த மொழியில் பேசுகிறதோ அந்த மொழியைப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். இன்று மாண்டரின் வகுப்புக்கும் நிரலெழுதும் வகுப்புக்கும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஓடும் பெற்றோரிடமிருந்து அவர்கள் எந்த விதத்திலும் வேறுபட்டவர்களல்லர். அந்தக் காலத்து மலாக்காவில் தமிழ் அப்படிப்பட்ட ஒரு மொழியாக இருந்தது என்பதை மட்டும் நம் பிள்ளைகள் தெரிந்துகொண்டால் போதும்.

மூன்றாவது மலாய். இதை யாரும் படிப்பாகவே கருதவில்லை. வீட்டிலும் சந்தையிலும் தானாக வரும் மொழிக்கு ஆசிரியர் எதற்கு, அதைப் படித்து யார் காசு கொடுக்கப்போகிறார்கள் என்ற எண்ணம். மலாய்க்கென்று ஒரு பள்ளிக்கூடம் ஊரில் இல்லை. அப்துல்லாவும் அப்படித்தான் நினைத்தார். தகப்பனார் மட்டும் வேறாக நினைத்தார். மலாய் எழுத்தில் மகன் ஒரு பிழை விட்டாலும் பிரம்பு பேசியது. பள்ளிவாசலுக்குப் போய் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பெயரையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொல்வார். மாலையில் ஒவ்வொரு பெயரின் எழுத்துக்கூட்டையும் திருத்துவார். சொற்களின் பொருள் கேட்பார், தெரியாவிட்டால் திட்டு. தந்தையின் கண்டிப்பைத் தாங்க முடியாமல் பிள்ளை உள்ளுக்குள் புழுங்கியதை அவரே பின்னாளில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

ஒருநாள் கப்பல் தலைவர் ஒருவர் கடன் பத்திரம் எழுத ஆள் தேடி வீட்டுக்கு வந்தார். தகப்பனார் இல்லை. அப்துல்லா துணிந்து தானே எழுதிக்கொடுத்தார். அதற்கு ஒரு ரியால் கூலி வந்தது. செய்தி தெரிந்த தகப்பனாரின் முகத்தில் அப்போதுதான் முதன்முதலாக மகிழ்ச்சியைப் பார்த்தார் பிள்ளை. பிரம்படி வாங்கிக் கற்ற மொழிக்குச் சந்தையில் விலை உண்டு என்பதும் அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

கோட்டைப் பகுதியில் கும்பினியின் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களில் முஸ்லிம்களுக்கு ஓதிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. அப்துல்லா போனார். அவர்கள் இவரிடம் ஓதினார்கள். இவர் அவர்களிடம் இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். வயதில் பையனாக இருந்தவரை ஆசிரியர் என்ற பொருளில் முன்ஷி என்று அழைக்கத் தொடங்கியவர்கள் அவர்கள்தாம். அந்தப் பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

1810-இன் இறுதியில் ராஃபிள்ஸ் மலாக்காவுக்கு வந்தார். ஜாவா மீது படையெடுக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மலாய் மன்னர்களுக்குக் கடிதம் எழுதவும், பழைய நூல்களைப் படியெடுக்கவும் எழுத்தர்கள் வேண்டும். அந்தக் காரியாலயத்தில் சேர்ந்தவர்களில் வயதில் சிறியவர் அப்துல்லா. 1811-இல் ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் படைவீரர் மலாக்காவில் கூடினார்கள். வெளிறிப்போயிருந்த ஊர் சில மாதங்கள் திருவிழாக் கோலம் கொண்டது. அரிசி விற்றவன், கோழி விற்றவன், படகு வைத்திருந்தவன் எல்லாருக்கும் நல்ல காலம். ஜூன் மாதம் கப்பல்கள் பாய் விரித்துப் போயின. அந்த நல்ல காலமும் அவற்றோடு போய்விட்டது. ராஃபிள்ஸ் ஜாவாவுக்கு அழைத்தபோது, ஒரே பிள்ளையை அனுப்பத் தாயார் சம்மதிக்கவில்லை. அப்துல்லா மலாக்காவில் தங்கிவிட்டார். போர்க்காலப் பிழைப்பு போர் முடிந்தால் நின்றுவிடும் என்பதை பதினைந்து வயதில் அவர் கண்ணால் கண்டார்.

1815-இல் வில்லியம் மில்ன் என்ற பாதிரியார் மலாக்காவுக்கு வந்தார். அவருக்கு மலாய் தெரிய வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுத்தரவும் அவர் தயாராக இருந்தார். ஊர் பயந்தது. ஆங்கிலம் படித்தால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று சொன்னார்கள். அந்தப் பயத்தை நாம் லேசாகப் பேசக்கூடாது. கற்றுக்கொடுத்தவர்களுக்கு மதம் பரப்பும் நோக்கம் இருந்தது உண்மைதானே! நம் பாட்டன்மார் காலத்திலும் அதே பயம் இருந்தது. ஆங்கிலப் பள்ளிக்குப் போகாமல் கடையில் உட்காரவைக்கப்பட்டவர்கள் நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களில் உண்டு. பின்னாளில் அவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது யாரையும் குறை சொல்வதில்லை. பேச்சை மட்டும் மாற்றிவிடுவார்கள்.

அப்துல்லா போனார். வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. மில்ன் வந்து பேசிய பிறகே தகப்பனார் இணங்கினார். ஊர் இணங்கவில்லை, அவரைப் பாதிரி என்று பட்டம் கட்டிக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். அவர் ஆங்கிலம் படித்தார். பாதிரிமாருக்கு மலாய் கற்பித்தார். அவர்களுடைய விவிலிய மொழிபெயர்ப்பின் மலாயைத் திருத்தியும் கொடுத்தார். அச்சுக் கோக்கும் தொழிலையும் அங்கேயே பழகினார். முஸ்லிமாகவே வாழ்ந்து, முஸ்லிமாகவே ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு மறைந்தார். ஊரின் அச்சம் அவர் விஷயத்தில் பொய்யாகிப்போனது. ஆனாலும் மொழிபெயர்ப்புக்கு உதவியதை அன்று ஏற்காதவர்கள் இருந்தார்கள். இன்றும் அதைக் கேள்வி கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாம் அதற்குத் தீர்ப்புச் சொல்ல இங்கே உட்காரவில்லை.

1818-இல் மலாக்கா மீண்டும் டச்சுக்காரர் கைக்குப் போனது. மறு ஆண்டு பிப்ரவரியில் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கொடி ஏற்றினார். தீர்வையில்லாத் துறைமுகம். மலாக்காவுக்கு அது இறுதி அடி. வேலை தேடுபவர், கடை வைக்க நினைப்பவர், கடனில் மூழ்கியவர் எல்லாரும் படகேறினார்கள். 1824 கணக்கெடுப்பில் சிங்கப்பூரின் மக்கள்தொகை 10,683. ஐந்தாண்டுக்கு முன் சில நூறு குடிகள் மட்டுமே இருந்த தீவு அது. தெலுக் ஆயரிலும் சவுத் பிரிட்ஜ் சாலையிலும் நம் சூலியா முன்னோர் கடையும் பள்ளிவாசலும் எழுப்பியது இந்த ஆண்டுகளில்தான்.

அப்துல்லாவும் புறப்பட்டார். ஆனால் ஒரேயடியாகக் குடும்பத்தோடு குடியேறவில்லை. மனைவி மக்கள் மலாக்காவில், வேலை சிங்கப்பூரில். சில மாதம் இங்கே, சில மாதம் அங்கே என்று பல ஆண்டுகள் கழிந்தன. கடையநல்லூரிலும் தென்காசியிலும் நாகூரிலும் குடும்பத்தை விட்டுவிட்டு ரஜூலா கப்பலில் வந்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் போய்த் திரும்பிய நம் வாப்பாமார்களின் வாழ்க்கை இதற்கு வெகுதூரம் இல்லை. மலாக்கா பக்கத்தில் இருந்தது என்பது ஒன்றே அவருக்குக் கிடைத்த வசதி.

சிங்கப்பூரில் அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. வந்திறங்கிய ஆங்கிலேய வணிகருக்கும் அதிகாரிக்கும் மலாய் தெரியாது. மலாய் மன்னர்களோடும் கப்பல் தலைவர்களோடும் வியாபாரம் செய்ய மலாய்க் கடிதம் வேண்டும். அதுவும் மரியாதைச் சொற்கள் ஒன்றும் பிசகாத கடிதம். அதை எழுதத் தெரிந்தவர் மிகச் சிலரே. காசு பெயராது என்று மலாக்கா ஒதுக்கிவைத்திருந்த மொழிதான் இப்போது நல்ல விலைக்குப் போனது. பணக்கார மொழி என்று எல்லாரும் படித்த தமிழ்க்கணக்கு வைத்து எத்தனை பேர் சிங்கப்பூரில் பிழைத்தார்கள் என்பது தனிக்கதை; அப்துல்லாவுக்குச் சோறு போட்டது பிரம்படியோடு வந்த மலாய். தகப்பனார் இதையெல்லாம் முன்கூட்டியே அறிந்து செய்தார் என்று நாம் சொல்லமாட்டோம். இருபது ஆண்டுகள் கழித்து எந்தத் துறைமுகம் எழும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எழுதுவதென்றால் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

1822, 1823-இல் மீண்டும் ராஃபிள்ஸிடம் வேலை. 1823 ஜூன் மாதம், ஊரை விட்டுப் போவதற்குச் சில நாள் முன்னால், ராஃபிள்ஸ் ஒரு கல்விக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். மலாய் மன்னர் குடும்பத்துப் பிள்ளைகளும் மற்றவர்களும் அங்கே உயர்ந்த படிப்புப் படிக்க வேண்டும் என்பது கனவு. அவருக்குப் பின் பொறுப்பேற்ற கிராஃபர்டு இவ்வளவு பெரிய செலவு இப்போது வேண்டாம், ஆரம்பப் படிப்பு போதும் என்று கருதினார். கும்பினியும் கையை இறுக்கியது. கட்டடம் பாதியில் நின்றது. 1830-இல் நீரிணைக் குடியேற்றங்களின் வரவு செலவு கட்டுப்படியாகவில்லை என்று நிர்வாகத்தையே சுருக்கி, அதிகாரிகளைக் குறைத்தார்கள். அந்தக் கட்டடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கத் தொடங்கியது 1837-இல்தான். அடிக்கல் நாட்டிய ஆண்டில் எட்டு வயதாக இருந்த ஒரு பிள்ளைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவன் கல்லாப்பெட்டிக்கு முன்னாலோ, படகிலோ வேலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். பொருளாதாரம் சீராகட்டும், பிறகு படிப்பைப் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கும்போது பதினான்கு ஆண்டுப் பிள்ளைகள் அப்படியே நழுவிப்போனார்கள். நம் கல்வி நிதிக்கு விண்ணப்பங்கள் குவியும் ஆண்டில் கையிருப்பைத் தொடலாமா கூடாதா என்று செயற்குழுவில் நடக்கும் வாக்குவாதத்தில் இந்தப் பதினான்கு ஆண்டுகளை நாம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எடுத்துச் சொல்லியிருக்கிறோம். ஒருமுறை வென்றோம், ஒருமுறை தோற்றோம்.

இடையில் ஒரு துயரச் செய்தி. ராஃபிள்ஸ் சேகரித்து வைத்திருந்த மலாய்க் கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி 1824 பிப்ரவரியில் அவர் ஏறிய ஃபேம் என்ற கப்பலோடு எரிந்துபோயிற்று. இளமையில் தாமும் உடனிருந்து படியெடுத்த அந்தச் செல்வம் அழிந்ததை எண்ணி அப்துல்லா பெரிதும் வருந்தினார்.

முன்ஷியின் தொழிலில் ஒரு குறை உண்டு. சம்பளம் கொடுப்பவர் ஊர்விட்டுப் போனால் சம்பளமும் போய்விடும். ராஃபிள்ஸ் போனார். மில்ன் 1822-இல் இறந்தார். வணிகர் வருவார்கள், நொடிப்பார்கள், போவார்கள். நிலையான மாதச் சம்பளம், ஓய்வூதியம் என்ற எதுவும் அவருக்கு அமையவில்லை. இன்று ஒப்பந்த வேலையில் மூன்று மாதம் இங்கும் ஆறு மாதம் அங்குமாக இருக்கும் நம் பட்டதாரிப் பிள்ளைகள் அவர் நிலையை எளிதில் புரிந்துகொள்வார்கள். அதனாலேயோ என்னவோ, அவர் ஒரே வேலையை நம்பி இருக்கவில்லை. கற்பித்தார், கடிதம் எழுதினார், மொழிபெயர்த்தார், அச்சு வேலை பார்த்தார். 1830-இல் சிங்கப்பூர்க் கடைவீதி தீக்கிரையானபோது அதைச் செய்யுளாகப் பாடினார். 1835-இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் தந்தார். கணக்கு எழுதவென்று பிள்ளைப் பருவத்தில் கற்ற தமிழ், முப்பது ஆண்டுகள் கழித்து இலக்கியமாக வெளிவந்தது. அந்தத் தமிழாசிரியரின் பெயரை அறிய நமக்கு ஆசை உண்டு.

1838-இல் கிளந்தானில் உள்நாட்டுச் சண்டை. சிங்கப்பூர் வணிகரின் சரக்குகளும் படகுகளும் அங்கே சிக்கிக்கொண்டன. அரசாங்கக் கடிதத்தோடு போன குழுவில் அப்துல்லாவும் சென்றார். வழியில் பகாங்கையும் திரெங்கானுவையும் பார்த்தார். அந்தப் பயணத்தை நூலாக எழுதினார். நல்ல மண், ஆறு, பொன் விளையும் நிலம் எல்லாம் இருந்தும் மக்கள் ஏழைகளாகவும், பகலெல்லாம் வேலையின்றியும் இருப்பதைக் கண்டு அவருக்குத் திகைப்பு. சோம்பேறிகள் என்று சொல்லி அவர் நகர்ந்துவிடவில்லை. விசாரித்தார். ஒருவன் கொஞ்சம் பொருள் சேர்த்தால், நல்ல வீடு கட்டினால், தோப்பு வைத்தால், அரசரோ அவர் ஆட்களோ ஏதேனும் காரணம் சொல்லி எடுத்துக்கொள்வார்கள். பிறகு எதற்கு உழைப்பது என்ற நினைப்பு மக்களிடம் ஊறியிருந்ததை அவர் கண்டறிந்தார். உழைப்பின் பலன் தன்னிடம் தங்கும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் யாரும் உழைக்கவும் மாட்டார்கள், பிள்ளையைப் படிக்கவைக்கவும் மாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. ஆங்கிலேயர் பக்கம் அவருக்குச் சாய்வு அதிகம், மலாய் அரசர்களை மிகக் கடுமையாகப் பேசிவிட்டார் என்று பின்வந்த அறிஞர்கள் குறை சொல்வதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. அவருக்குக் கூலி கொடுத்தவர்கள் யார் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் ஓர் இளைஞன் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவனையே குற்றம் சொல்லாமல், அவன் உழைப்பு எங்கே போகிறது என்று கேட்டாரே, அதை நாம் மதிக்கிறோம். நம் சமுதாயத்தில் படிப்பை விட்ட பையன்களைப் பற்றிப் பேசும்போது நாம் அந்தக் கேள்வியை எப்போதும் கேட்பதில்லை.

அமெரிக்கப் பாதிரியார் ஆல்ஃபிரட் நோர்த் சிங்கப்பூரில் அவரிடம் மலாய் படித்தவர். வாழ்க்கை வரலாற்றை எழுதச் சொல்லித் தூண்டியவரும் அவரே. 1840-இல் தொடங்கி 1843-இல் முடித்தார். அரசரின் வீரக்கதைகளும் கற்பனைப் பறவைகளும் நிறைந்த மலாய் எழுத்தில், ஒரு சாதாரண மனிதர் தாம் பார்த்ததையும் பட்டதையும் எழுதிய முதல் பெரிய நூல் ஹிக்காயத் அப்துல்லா. தந்தையின் பிரம்பும், கோட்டை இடிந்ததும், சிங்கப்பூர் எழுந்ததும் அதில்தான் இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் நாம் சொன்னவற்றில் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரிந்துகொண்டவையே.

நூல் முடிந்த அதே நேரத்தில் அவர் பிழைப்பு மறுபடி ஆட்டம் கண்டது. அபினிப் போர் முடிந்து 1842 ஒப்பந்தத்தால் சீனத் துறைமுகங்கள் திறந்தன. அதுவரை சீனாவுக்குள் நுழைய முடியாமல் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் காத்திருந்த மிஷன்கள் மூட்டை கட்டின. மலாக்காவின் ஆங்கிலோ-சீனக் கல்லூரி ஹாங்காங்குக்குப் போயிற்று. நோர்த்தும் கிளம்பினார். மலாய் கற்கும் மாணவரும் அச்சகமும் ஒன்றாக மறைந்தால் மலாய் முன்ஷி என்ன செய்வார்? அவருடைய அதிர்ஷ்டம், கீஸ்பெரி என்ற ஒருவர் மட்டும் போக மறுத்தார். சங்கத்தின் சம்பளத்தை விட்டுவிட்டு, அச்சகம் நடத்தி அந்த வருமானத்தில் மலாய்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அவருக்கு மலாய் கற்பித்தவர் அப்துல்லா. 1849-இல் ஹிக்காயத் அப்துல்லா கல்லச்சில் வெளிவந்தது அவருடைய அச்சகத்திலிருந்துதான்.

1854-இல் அப்துல்லா ஹஜ்ஜுக்குக் கப்பலேறினார். வழியெல்லாம் குறிப்பு எழுதிக்கொண்டே போனார். கடலின் பயங்கரத்தையும் இறங்கிய துறைமுகங்களையும் எழுதினார். அரபு மண்ணை அடைந்த சிறிது காலத்தில் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். எழுதிக்கொண்டிருந்த பயண நூல் பாதியில் நின்றது.

அப்போது மகன் முஹம்மது இப்ராஹீமுக்குப் பதினான்கு வயது. கீஸ்பெரியின் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் படித்தவர். ஜொகூரில் அந்நாளில் மிளகும் காசுக்கட்டியும் பயிராகிப் பணம் புரண்டுகொண்டிருந்தது. அபூபக்கரின் ஆட்சிக்குக் கடிதம் எழுதவும், வெளிநாட்டாரோடு பேசவும் ஆட்கள் தேவைப்பட்டனர். இப்ராஹீம் அங்கே அரசுப் பணியில் சேர்ந்து டத்தோ பெந்தாரா டாலாம் என்ற உயர் பதவி வரை போனார். தந்தைக்குக் கடைசிவரை அமையாத நிரந்தர வேலை மகனுக்கு அமைந்தது. அலுவல் நிமித்தம் தீபகற்பத்தைச் சுற்றியபோது, தந்தையைப் போலவே அவரும் ஒரு பயண நூல் எழுதினார்.